பச்சமுத்துவுக்கு எழுதிய மன்னிப்பு

ஆசிரமம்,
மணலூர்ப்பேட்டை வழி.
15-2-1970

ஆண்டாள் அப்பாவுக்கு சிந்தாமணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம். அவ்விடம் நீங்களும் ஆண்டாளும் சுகமாக இருக்க ஆண்டவன் துணை.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உளுந்தூர்ப்பேட்டையில் பஸ் மாறும்போது மூட்டையைத் தூக்கிக் கொடுக்க ஆளில்லாமல் கொஞ்சம் தவித்தேன், அவ்வளவுதான். இங்கே பெண்களுக்குத் தனிக் கொட்டகை. ஆற்றங்கரை பக்கத்திலேயே. விடியுமுன் குளித்துவிட்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். நம் தெருவில் இந்த ஆறு மாதமாக என்னைப் பார்த்தவர்களெல்லாம் கேட்டுக் கேட்டே கொன்றார்கள்.

ஒரு மண்டலம் இருந்துவிட்டு வந்துவிடுகிறேன். நாற்பத்தெட்டு நாள்தான். ஆண்டாளுக்குப் பேன் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலையிடம் சொல்லியிருக்கிறேன். புளிப்பானை மேல் பரணில் இருக்கிறது.

இப்படிக்கு,
சிந்தாமணி


விருத்தாசலம்
1-3-1970

சிந்தாமணிக்கு ஜம்புலிங்கம் ஆசியுடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். நீயும் உன்னோடு இருக்கிற அம்மாமார்களும் நலமாய் இருக்க வேண்டும்.

புளிப்பானையைக் கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் புளியில்லாத குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "அப்பா, இது ஆஸ்பத்திரிக் கொழம்பா?" என்று கேட்டாள் உன் மகள். இப்போது தேறிவிட்டேன். கம்பெனியில் சூளை மேஸ்திரி, வீட்டில் அடுப்பு மேஸ்திரி. இரண்டிலும் கருகல் உண்டு.

கம்பெனியில் ஊறுகாய் ஜாடிக்கு நல்ல ஆர்டர். மாதம் நான்கு சூளை போடுகிறோம். என் சூளைக்கு விறகு தள்ளுகிற பச்சமுத்துவை வேறு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். நான் கேட்டுக்கொண்டதுதான்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. கல்யாணமாகி மூன்றாம் வருஷத்திலிருந்து நீ என்னை "கொளஞ்சி அப்பா" என்றுதான் கூப்பிடுவாய். மூத்தவள் பெயர் இருக்க இளையவன் பெயரைச் சொல்கிறாயே என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன். கடிதத்தில் ஆண்டாள் அப்பா என்று எழுதியிருந்தாய். படித்ததும் யாருக்கோ வந்த கடிதம் மாதிரி இருந்தது. பிள்ளை போய்விட்டான், பெயருமா போகவேண்டும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜம்புலிங்கம்


ஆசிரமம்
4-4-1970

ஆண்டாள் அப்பாவுக்கு சிந்தாமணியின் வணக்கம். சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுதவும்.

மண்டலம் முடிந்துவிட்டது. நான் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டுமா? உங்களைக் கேட்காமல் எதுவும் சொல்லவில்லை. சாமியும் இரு என்றோ போ என்றோ சொல்லவில்லை. அவர் பேசுவதே குறைவு.

கண்ணை மூடி உட்காரலாம் என்று வந்தவளைச் சமையற்கட்டில் போட்டிருக்கிறார்கள். அறுபது பேருக்கு உலை வைக்கிறேன். மூன்று பேர் சோற்றை விட்டுவிட்டு அறுபது பேர் சோற்றைப் பிடித்திருக்கிறேன் என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் அரிசி களையும்போது கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது. கண்ணை மூடினால்தான் இல்லை. மூடிய உடனே நம் வீட்டுச் சாமி மாடம்தான் தெரிகிறது. போகப் போகச் சரியாகும் என்கிறார்கள்.

ஆண்டாளுக்கு முழுப்பரீட்சை எப்போது? கோடையில் பிள்ளையை ஆற்றுப் பக்கம் விடாதீர்கள்.

சிந்தாமணி


விருத்தாசலம்
24-5-1970

சிந்தாமணிக்கு ஜம்புலிங்கம் எழுதுவது. நலம், நலமறிய ஆவல்.

பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. இரு என்று எழுத மனம் வரவில்லை, வா என்று எழுதவும் முடியவில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். ஆண்டாள் நான்காவது பாஸ்.

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். போன திங்கட்கிழமை மணவாளநல்லூர் போனேன், கொளஞ்சியப்பரிடம் பிராது கட்ட. ஊரில் எல்லாரும் கட்டுகிறார்கள். மாடு காணாமல் போனால் பிராது, பங்காளி வரப்பை வெட்டினால் பிராது. பெண்டாட்டி வீடு திரும்பவில்லை என்று நான் ஒருவன் கட்டினால் என்ன? காகிதம் வாங்கி, பெயர், ஊர், கோயிலுக்கு எத்தனை மைல் எல்லாம் எழுதிவிட்டேன். குறை என்ன என்கிற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு திட்டக்குடிக்காரர் தன் பிராதை எழுதிக்கொண்டிருந்தார். "என்னாங்க யோசன? நடந்தத நடந்தாப்புல எழுதுங்க. பொய் எழுதிக் கட்டுனா எழுதுனவன் மேலயே திரும்பிடும்" என்றார்.

என் கையெழுத்துதான் உனக்குத் தெரியுமே, சாமிக்குப் புரியாது என்று காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நீ இஷ்டப்பட்ட வரைக்கும் இரு.

ஜம்புலிங்கம்


ஆசிரமம்
2-7-1970

ஆண்டாள் அப்பாவுக்கு வணக்கம். நான் சுகம். ஆண்டாள் பாஸானது சந்தோஷம். அவளுக்கு ஒரு பாவாடை எடுத்துக் கொடுங்கள்.

கட்டின மனைவி மேல் சாமியிடம் பிராது கட்டப் போனீர்களே, படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு கட்டாமல் வந்தீர்கள் என்று படித்து அழுகை வந்தது. உங்களுக்கு என் மேல் குறையில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு நல்ல சேதி. கார்த்திகை தீபத்தன்று எனக்கு உபதேசம் கொடுப்பதாகச் சாமி சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு வழக்கம் உண்டாம். யாரையாவது சபித்திருந்தால் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். நான் யாரைச் சபித்தேன் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வயிற்றெரிச்சலைச் சுமந்துகொண்டுதான் ஐந்து மாதமாகக் கண்ணை மூடுகிறேன்.

கொளஞ்சிக்கு ஜுரம் முற்றின அன்றைக்கு உச்சிவேளைக்குப் பாஞ்சாலையைக் கம்பெனிக்கு ஓடவிட்டேன். உள்ளே விடாததால் அவள் கேட்டண்டை பச்சமுத்துவிடம் சொல்லிவிட்டு வந்தாள். அந்த மனுஷன் மறந்துபோய் ஐந்து மணிக்குத்தான் உங்களிடம் சொன்னார். நீங்கள் ஓடி வந்து வண்டி கட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், ரயில்வே கேட்டைத் தாண்டும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஐந்து மணி நேரம்! விறகு தள்ளுகிற ஆளுக்கு அப்படி என்ன மறதி? பதினாறு முடிந்த மறுநாள் அவர் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றி, உன் வம்சம் விளங்காது என்றேன். அவர் பெண்டாட்டி அப்போது ஐந்து மாதம். ஒரு வார்த்தை பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார் அந்த மனுஷன்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று தனிக் காகிதத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நாலு தடவை எழுதிக் கிழித்து ஐந்தாவது தடவை எழுதியது. நீங்களே உங்கள் கையால் கொடுங்கள். அவருக்குப் படிக்க வராது, படித்தும் காட்டுங்கள்.

சிந்தாமணி


(கார்டு)
விருத்தாசலம்
10-8-1970

சிந்தாமணிக்கு. நாங்கள் நலம். உன் கடிதமும் உள்ளே இருந்ததும் கிடைத்தன. பச்சமுத்து வேப்பூரில் மச்சினன் வீட்டுக்குப் போயிருக்கிறான். வந்ததும் கொடுக்கிறேன். ஆண்டாளுக்குப் பாவாடை எடுத்தாயிற்று. மழை இல்லை.

ஜம்புலிங்கம்


ஆசிரமம்
27-8-1970

ஆண்டாள் அப்பாவுக்கு வணக்கம். சுகம். சுகத்துக்கு எழுதவும்.

நேற்றோடு ஒரு வருஷம். நீங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நான் இங்கே அறுபது பேருக்குப் பால் பாயசம் வைத்தேன். யாருக்கு என்று சொல்லவில்லை. பாயசம் என்றால் அவனுக்கு எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

பச்சமுத்து வந்துவிட்டாரா? காகிதத்தைக் கொடுத்தீர்களா? அழுதாரா? அவர் குழந்தை எப்படி இருக்கிறது? எழுதி அனுப்பியதிலிருந்து என் நெஞ்சு லேசாகிவிட்டது. இப்போது கண்ணை மூடினால் கால்மணி நேரம் ஒன்றும் தெரிவதில்லை. நீங்கள்தான் எனக்கு இந்த உபகாரத்தைச் செய்தீர்கள். எத்தனை புருஷன்கள் பெண்டாட்டியை இப்படி விட்டுக்கொடுத்து வைத்திருப்பார்கள்? இங்கே இருக்கிற அம்மாமார்களிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

உடனே பதில் போடுங்கள்.

சிந்தாமணி


விருத்தாசலம்
25-10-1970

சிந்தாமணிக்கு ஜம்புலிங்கம் எழுதுவது. ஆண்டாள் நலம்.

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. இன்னும் மூன்று கார்டு போட்டிருந்தாய். எல்லாம் வந்தன.

பச்சமுத்து எங்கும் போகவில்லை. வேப்பூர் என்று நான் எழுதியது பொய். நீ எழுதிய மன்னிப்பு என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. இரண்டு தடவை அவன் வீட்டுத் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். அந்தக் காகிதத்தை அவனுக்குப் படித்துக் காட்ட எனக்கு வாய் வராது, சிந்தாமணி. அது அவனுக்குச் சேர வேண்டியதில்லை.

அன்றைக்குப் பாஞ்சாலை சொல்லிவிட்டுப் போன கையோடு அவன் உள்ளே ஓடி வந்தான். "அண்ணே, கொளஞ்சிக்கு ஒடம்பு அனலா கொதிக்குதாம். ஒடனே வரச் சொன்னாங்களாம். நீ போண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றான். அப்போது மணி பன்னிரண்டரை இருக்கும். சூளை ஏற்றி முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. ஜாடிக்குப் பூசின பளபளப்பு உருகுகிற நேரம் அதுதான். நெருப்பு கொஞ்சம் தணிந்தாலும் மொத்தச் சரக்கும் சொரசொரத்துப் போகும். அதை வேறு ஆளிடம் நான் விட்டதே கிடையாது. மேஸ்திரி என்கிற திமிர், வேறு என்ன சொல்ல? "புள்ளைக்கு ஜொரம்னா இந்நேரத்துக்கே எறங்கியிருக்கும்டா. பொம்பள பயப்படுறா. இத எறக்கிட்டுப் போறேன்" என்றேன். மூன்று மணிக்கு மறுபடி வந்து சொன்னான். அதட்டி அனுப்பினேன். ஐந்துக்கு நெருப்பை அடக்கிவிட்டுத்தான் கிளம்பினேன்.

அன்று ராத்திரி நீ மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, எப்போது சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று கத்தினாய். என் வாய் தானாகவே பச்சமுத்து இப்போதுதான் சொன்னான் என்றது. வாசல்படியில் அவன் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. நீ மண்ணை வாரித் தூற்றியபோதும் சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் ஷிப்டு மாற்றச் சொன்னேன்.

கோயிலில் என் பேனா நின்றது இதனால்தான். குறை என்ன என்று எழுதினால் இதைத்தான் எழுத வேண்டும். நான் கொன்றேன் என்று நீ நினைத்தால் அது சரிதான்.

ஜம்புலிங்கம்


(கார்டு)
விருத்தாசலம்
20-12-1970

சிந்தாமணிக்கு. ஆண்டாள் நலம். தீபம் முடிந்துவிட்டதே, உபதேசம் ஆயிற்றா? என் மேல் கோபம் இருக்கட்டும். பிள்ளைக்காக ஒரு கார்டு போடு. தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்கிறாள்.

ஜம்புலிங்கம்


ஆசிரமம்
21-1-1971

கொளஞ்சி அப்பாவுக்கு சிந்தாமணி எழுதிக்கொண்டது. உயிரோடு இருக்கிறேன். நீங்களும் ஆண்டாளும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று உலை பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேனாம். நீங்கள் செத்துப்போனால்கூட வரக்கூடாது என்று நினைத்தேன். இதை எழுதக் கூடாதுதான். நினைத்தேன், அதனால் எழுதுகிறேன். ஒரு ஜாடிக்காக. ஊரார் ஊறுகாய் போட்டு வைக்கிற ஜாடிக்காக! இரண்டு மாதம் கண்ணை மூடவே இல்லை. சாமி இல்லை, பூதம் இல்லை என்று அரிசி களைந்தேன், பாத்திரம் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உங்கள் மேல் இருந்த கோபம்தான் கூடியது.

தீபத்துக்கு நாலு நாள் முன்னால், உங்களை வாயால் சபித்துவிட்டு உபதேசமே வேண்டாம் என்று எழுந்து போய்விட வேண்டும் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன். சாபம் வரவில்லை. பாஞ்சாலையின் குரல்தான் காதில் கேட்டது. அதை நீங்கள் கேட்டதில்லை. அவளும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், நான் சத்தியம் வாங்கியிருந்தேன்.

கொளஞ்சிக்கு ஜுரம் கண்டது முதல் நாள் ராத்திரியே. நீங்கள் சூளையில் இருந்தீர்கள். விடியுமுன் நான் குளித்து, ஈரத்துணியோடு மஞ்சள் துணியில் காசு முடிந்துவைத்துவிட்டு, பத்தாயிரத்தெட்டு தடவை சாமி பேரைச் சொல்லி முடிக்கிற வரை எழுந்திருக்க மாட்டேன் என்று மாடத்தின் முன்னால் உட்கார்ந்தேன். ஏழு மணிக்குப் பாஞ்சாலை வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, புள்ள கண்ணு சொருவுதுக்கா. எங்க வூட்டுல வண்டி கட்டச் சொல்லட்டா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்" என்றாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. பாதியில் எழுந்தால் வேண்டுதல் கெட்டுவிடும், பிள்ளைக்கு ஆகாது என்று பயம். எட்டு மணிக்கு மறுபடி கேட்டாள். கையைக் காட்டி அனுப்பிவிட்டேன். என் பின்னால் பாயில் கிடந்து அம்மா, அம்மா என்றான். திரும்பவில்லை. எழுந்தது உச்சிவேளைக்கு. அப்போதுதான் உங்களுக்கு ஆள் அனுப்பினேன்.

நீங்கள் நெருப்பைப் பாதியில் விடவில்லை. நான் சாமியைப் பாதியில் விடவில்லை. உங்களுக்காவது நெருப்பு தணிந்தால் சரக்குப் போகும் என்கிற நியாயம் இருந்தது. எனக்கு எந்தச் சாமி பாதியில் எழுந்திருக்காதே என்றது? யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்ததுதான்.

அதைத் தாங்க முடியாமல்தான் பச்சமுத்துவைப் பிடித்துக்கொண்டேன். அது போதவில்லை என்று இங்கே ஓடி வந்தேன். எந்த மாடத்தின் முன்னால் உட்கார்ந்து பிள்ளையை விட்டேனோ, அதையே பெரிதாகக் கட்டின இடத்துக்கு வந்து மறுபடி உட்கார்ந்தேன். பாருங்கள் என் புத்தியை.

உபதேசம் வேண்டாம் என்று சாமியிடம் சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன், முதல் தடவையாக வாய்விட்டு. கேட்டுக்கொண்டே இருந்தார். "ஊட்டுல சொன்னியாம்மா?" என்றார். இல்லை என்றேன். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சொல்லிவிட்டேன். இனி வா என்பதும் வராதே என்பதும் உங்கள் வாயில்தான் இருக்கிறது. நானாக வர எனக்கு முகம் இல்லை.

சிந்தாமணி


விருத்தாசலம்
28-2-1971

சிந்தாமணிக்கு ஜம்புலிங்கம் எழுதுவது. நான் நலம். ஆண்டாள் இப்போது நலம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கும் உன்னைப் போலத்தான் இருந்தது. ஏழு மணிக்கே வண்டி கிடைத்திருக்குமே என்று பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தேன். என் குற்றம் பாதி குறைந்துவிட்டது என்று ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது, வெட்கமில்லாமல். பிறகு அதுவும் போய்விட்டது. பாதியாக்கினாலும் பிள்ளை முழுசாகத்தானே இல்லை.

பச்சமுத்து வீட்டுக்குப் போனேன். உன் காகிதத்தைக் கொடுக்கவில்லை, அவன் அடுப்பிலேயே போட்டேன். அவன் பெண்டாட்டியையும் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைக் கேட்காத கேள்வியில்லை. கர்ப்பத்தோடு சாபம் வாங்கினவள், கேட்க மாட்டாளா? பச்சமுத்து மட்டும், "வுடுண்ணே. அன்னைக்கு நீ இருந்த இருப்புல நான் இல்லன்னு சொல்லியிருந்தா நீ செத்துருப்ப" என்றான். அவன் மகன் தத்தித் தத்தி நடக்கிறான். நன்றாக இருக்கிறான். நீ வந்து நேரில் பார்க்க வேண்டும், பேச வேண்டும். அதை நான் உனக்காகச் செய்ய முடியாது.

போன வியாழக்கிழமை ஆண்டாளுக்கு ஸ்கூலில் ஜுரம். டீச்சர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாஞ்சாலை கம்பெனி கேட்டுக்கு வந்து சொன்னாள். சூளை உச்சத்தில் இருந்தது. கையில் இருந்த கம்பியைப் பச்சமுத்துவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். மறுபடி அவனை என் ஷிப்டுக்கே கேட்டு வாங்கியிருக்கிறேன். கிளம்பும்போது கம்பெனிக் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. பாஞ்சாலை வீட்டுக் கடிகாரத்தில் பதினொன்று இருபத்தொன்று. பதினாறு நிமிஷம். பதிமூன்று வருஷமாக நடக்கிற வழி, எத்தனை நிமிஷம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சரக்கும் கெடவில்லை. பச்சமுத்து நன்றாகவே பார்த்துக்கொண்டான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

வெறும் சளி ஜுரம்தான். மாத்திரையில் சாயங்காலமே இறங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டே, "சூள எரியலயாப்பா?" என்று கேட்டாள். எரியுதும்மா என்றேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "தம்பிக்கு ஜொரம் வந்தப்ப ஏம்ப்பா வரல?" என்றாள்.

அவளிடமும் சொன்னேன். பத்து வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உளறித்தான் சொன்னேன். கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன்.

"அம்மா ஏன் எழுந்திரிக்கல? நான் அங்கதான் இருந்தேன். தம்பி கூப்புட்டுக்கிட்டே இருந்தான்" என்றாள்.

இத்தனை நாளாக அவளுக்குத் தெரியும், சிந்தாமணி. நாம் யாரும் அவளைக் கேட்கவில்லை. அம்மா வந்து சொல்லுவாள் என்று சொல்லியிருக்கிறேன். எப்போது என்று கேட்டாள். நீ வா.

ஜம்புலிங்கம்